ஒரே பெயர், ஒரே விலை... உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு!

2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வெளிவந்தது. அமெரிக்காவில் ஆரம்ப விலை சுமார் 800 டாலர். இங்கே பிரிட்டனில் வாட் வரி சேர்த்து 799 பவுண்ட். பெயர், பெட்டி, விளம்பரம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் நியூயார்க்கில் வாங்கிய போனுக்குள் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 இருந்தது. லண்டனிலும் சென்னையிலும் வாங்கிய போனுக்குள் சாம்சங்கின் சொந்தத் தயாரிப்பான எக்ஸினோஸ் 2400 இருந்தது. 1,249 பவுண்டுக்கு விற்ற எஸ்24 அல்ட்ராவில் மட்டும் உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன்.

எக்ஸினோஸ் நல்லதா, மட்டமா என்பது அப்புறம் வரட்டும். வாங்குகிறவரிடம் எது என்று சொன்னார்களா என்பதுதான் முதல் கேள்வி. சாம்சங்கின் பிரிட்டன் இணையதளத்தில் எஸ்24-இன் விவரப் பட்டியலைத் திறந்தால் 'சிபியு வேகம்' என்று நான்கு எண்கள் இருக்கும். 'சிபியு வகை: டெக்கா கோர்' என்று ஒரு வரி இருக்கும். சிப்பின் பெயர் இருக்காது. டெக்கா கோர் என்றால் பத்து கோர், ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3-இல் எட்டு கோர்தான், ஆகவே இது எக்ஸினோஸ் என்று நாமே துப்பறிய வேண்டும். கார் விற்கிறவர் 'நாலு சிலிண்டர் இன்ஜின் சார்' என்று மட்டும் சொல்லி, யார் செய்த இன்ஜின் என்பதை மறைத்தால் விடுவோமா? 800 பவுண்ட் போனுக்கு மட்டும் விட்டுவிடுகிறோம்.

மோர்டன், மிட்சம், டூட்டிங் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஐடி வேலை பார்க்கிறவனைப் பிடித்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே, எந்த போன் நல்லம்?" கேட்பவர் யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருப்பார், திருச்சிக்காரராகவும் இருப்பார். பெரும்பாலும் அந்த போன் அவருக்கு மட்டும் இல்லை. இரண்டு வருஷம் அவர் கையில் இருந்துவிட்டு, அப்புறம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ மச்சானுக்கோ போகும். 36 மாதத் தவணையில் வாங்கி, ஆறேழு வருஷம் இரண்டு நாடுகளில் உழைக்கப் போகிற பொருள். அதைக் கேமரா எண்ணிக்கையையும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணையும் பார்த்து வாங்கச் சொல்வது பெரிய அநியாயம்.

எட்டு வருஷம் தள்ளித் திரும்பிய சக்கரம்

இந்த இரண்டு சிப் கதை புதிதல்ல. 2012-இல் கேலக்ஸி எஸ்3 வந்தபோது பிரிட்டனில் நான்கு கோர் எக்ஸினோஸ், அமெரிக்காவில் எல்டிஇ மோடத்துக்காக இரண்டு கோர் ஸ்னாப்டிராகன். அப்போது ஐரோப்பியப் பதிப்புக்குத்தான் மவுசு. 2015-இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 810 சூடாகிறது என்று ஊரே பேசியது. சாம்சங் அதைத் தொடாமல் எஸ்6 முழுவதிலும் எக்ஸினோஸ் 7420-ஐப் போட்டது. அந்த வருஷம் ஆண்ட்ராய்டு உலகத்தில் சிறந்த சிப் அதுதான் என்று சொல்லலாம். ஆக, 'எக்ஸினோஸ் என்றாலே மட்டம்' என்று யூடியூபில் சத்தம் போடுகிறவர்களுக்கு வரலாறு தெரியாது.

2020-இல்தான் சக்கரம் திரும்பியது. கேலக்ஸி எஸ்20-இல் நமக்கு எக்ஸினோஸ் 990, அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகன் 865. எக்ஸினோஸ் 990-இன் பெரிய கோர்களை டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருந்த சாம்சங்கின் சொந்தக் குழு வடிவமைத்தது. அந்தக் குழுவைக் கலைக்கும் முடிவு 2019-இலேயே வந்துவிட்டது. அதாவது, தானே கைவிட்ட ஒரு வடிவமைப்பை அடுத்த வருஷம் நமக்கு முழு விலைக்கு விற்றது நிறுவனம். ஆனந்த்டெக் போன்ற தளங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, வேகத்திலும் மின் சிக்கனத்திலும் 865 தெளிவாக முன்னால் நின்றது. பேட்டரி அளவு ஒன்றாக இருந்தும் நம் போன் சீக்கிரம் தீர்ந்தது.

இதில் கொஞ்சம் சுருக்கென்று தைப்பது இன்னொன்று. தென் கொரியாவில், சாம்சங்கின் சொந்த ஊரில், எஸ்20 ஸ்னாப்டிராகனோடு விற்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் எக்ஸினோஸ். வாடிக்கையாளர்கள் இணையத்தில் மனு போட்டார்கள், பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டு சிப்பும் ஒரே கடுமையான சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன என்பது நிறுவனத்தின் பதில். அதே வருஷக் கடைசியில் எஸ்20 எஃப்இ வந்தது. அதன் 5ஜி பதிப்பில் ஸ்னாப்டிராகன் 865, பிரிட்டன் விலை 699 பவுண்ட். 899 பவுண்ட் கொடுத்து மார்ச்சில் எஸ்20 5ஜி வாங்கியவர் கையில் எக்ஸினோஸ், 200 பவுண்ட் குறைவாகக் கொடுத்து அக்டோபரில் 'மலிவுப் பதிப்பு' வாங்கியவர் கையில் அதைவிட நல்ல சிப். விலையைப் பார்த்துத் தரத்தை எடை போடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

2022-இல் எஸ்22. இந்த முறை இந்தியாவுக்கு ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, பிரிட்டனுக்கு எக்ஸினோஸ் 2200. தி.நகரில் வாங்கிய தம்பிக்கு ஒன்று, விம்பிள்டனில் வாங்கிய அண்ணனுக்கு வேறொன்று. ஊருக்கு போன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் 'லண்டன் பீஸ்' என்று பெருமையாகக் கொடுத்தது அந்த வருஷம் அவ்வளவு பெருமைப்படும் விஷயமாக இல்லை. ஆனால் ஊரில் இருந்தவர்களும் தப்பிக்கவில்லை. 8 ஜென் 1-உம் சாம்சங்கின் அதே 4 நானோமீட்டர் ஆலையில்தான் உருவானது, அதுவும் சூடாகிற ரகம். குவால்காம் சில மாதங்களிலேயே தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறி 8+ ஜென் 1 என்று வெளியிட்டது. ஏறக்குறைய அதே வடிவமைப்பு, ஆலை மட்டும் மாறியது, சூடு குறைந்தது.

இது புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். இந்த சிப்களின் கோர் வடிவமைப்பு பெரும்பாலும் கேம்பிரிட்ஜில் தலைமையகம் கொண்ட ஆர்ம் நிறுவனத்திடமிருந்து வருவது. எக்ஸினோஸ் 2400-இலும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3-இலும் இருப்பது ஆர்மின் அதே கார்டெக்ஸ் எக்ஸ்4 கோர். மாவு ஒன்றுதான், தோசைக்கல்தான் வேறு. எந்த ஆலையில் எந்த நுட்பத்தில் செய்தார்கள், எவ்வளவு கேச் மெமரி வைத்தார்கள், கிராபிக்ஸ் பகுதி யாருடையது, மோடம் யாருடையது, போனுக்குள் சூட்டை வெளியேற்ற எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. எஸ்24-இல் அந்த வித்தியாசம் சிறிதாகிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எக்ஸினோஸ் 2400 எஸ்20 காலத்துச் சங்கடம் இல்லை. வாட்ஸ்அப், வரைபடம், வங்கி ஆப் என்று வைத்திருப்பவருக்கு எந்த சிப் என்றே தெரியாது. ஆனால் தெரியாது என்பதற்காகச் சொல்லாமல் விடலாம் என்று ஆகிவிடாது.

ஒரு நிமிட வேகமும் இருபது நிமிட வேகமும்

சரி, சிப்பின் பெயரே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் மதிப்பெண் வியாபாரம் ஆரம்பிக்கிறது.

செல்போன் பிராசசர் என்பது நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி. சில விநாடிகள் பறக்கும். ஒரு பக்கம் திறக்க, ஒரு போட்டோ எடுக்க அது போதும். தொடர்ந்து ஓடச் சொன்னால் சூடாகும். மடிக்கணினியில் விசிறி இருக்கிறது, போனில் இல்லை. கையில் பிடிக்கிற ஒரு கண்ணாடிப் பலகை தொடர்ந்து வெளியேற்றக்கூடிய சூடு ஏதோ நாலைந்து வாட் அளவுதான். இன்றைய உச்ச சிப்கள் முழு வேகத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் குடிக்கக்கூடியவை. மேலும், வேகத்தை ஏற்ற ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் மின்சார விலை மிக அதிகம். கேலக்ஸி எஸ்25-க்காகத் தனியாக 4.47 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிய ஸ்னாப்டிராகன் 8 எலைட் என்று விளம்பரத்தில் படிக்கும்போது, அந்தக் கடைசித் துளி வேகம் எத்தனை விநாடி நிற்கும் என்றும் கேட்க வேண்டும். பொதுவாக, கொஞ்ச நேரத்தில் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள்.

கீக்பெஞ்ச் என்பது சில நிமிடங்களில் முடிகிற சோதனை, இடையிடையே மூச்சு வாங்க நேரமும் கொடுக்கும். அதில் வருவது ஓட்டக்காரனின் நூறு மீட்டர் நேரம். 3டி மார்க் என்ற சோதனையில் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒரே காட்சியை இருபது சுற்று, ஏறக்குறைய இருபது நிமிடம் ஓட்டும். முதல் சுற்றில் எவ்வளவு, கடைசிச் சுற்றில் எவ்வளவு என்று காட்டும். நான் விமர்சனம் படித்தால் நேராக அங்கேதான் போவேன்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'நிலைத்தன்மை 80 சதவீதம்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒரு போன் 100-இல் ஆரம்பித்து 60-இல் முடிகிறது, இன்னொன்று 70-இல் ஆரம்பித்து 56-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தில் இரண்டாவது ஜெயிக்கும், 80-க்கு 60. ஆனால் இருபதாவது நிமிடத்திலும் முதல் போன்தான் வேகமாக ஓடுகிறது. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, கடைசிச் சுற்றின் எண்ணையும் அப்போது போனின் முதுகு எத்தனை டிகிரி என்பதையும் பாருங்கள்.

எனக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு சர்வரின் உச்ச வேகத்தைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது. கூட்டம் குவிகிற நேரத்தில் நூறு பேரில் கடைசி அஞ்சு பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தாங்க என்றுதான் கேட்பார்கள். போன் விற்பனையில் மட்டும் எல்லாரும் முதல் நிமிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பிள்ளையின் அரங்கேற்றம். இரண்டரை மணி நேரம். மண்டபத்தில் விளக்கு வெளிச்சம், அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து 4கே-யில் பதிவு செய்கிறார். வர்ணம் பாதியில் இருக்கும்போது 'போன் சூடாகிவிட்டது' என்று திரையில் வந்தால், அந்த போனின் கீக்பெஞ்ச் மதிப்பெண் எந்தக் கோயிலில் கொண்டுபோய் வைக்க? அவருக்குத் தேவை உச்ச வேகம் குறைந்தாலும் கடைசி வரை நிற்கும் சிப். இந்த ஒரு வேலைக்கு 4கே-யைக் குறைத்து 1080பி-யில் வைத்துக்கொண்டாலே பாதி பிரச்சினை போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சை நாளில் மட்டும் படிக்கும் போன்கள்

மதிப்பெண்ணை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், போன்களே காப்பி அடித்திருக்கின்றன. 2013-இல் கேலக்ஸி எஸ்4 குறிப்பிட்ட சில பெஞ்ச்மார்க் ஆப்கள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் பகுதியை 533 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியது, மற்ற விளையாட்டுகளுக்கு 480 தான். இதை ஆனந்த்டெக் கண்டுபிடித்து எழுதியது. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2019-இல் சமரசம் ஆனது, வாங்கியவர்களுக்குத் தலைக்குப் பத்து டாலர்! 2021-இல் ஒன்பிளஸ் 9 இதைத் தலைகீழாகச் செய்தது. குரோம் போன்ற பிரபல ஆப்களின் வேகத்தை அடக்கிவைத்தது, பெஞ்ச்மார்க்கை அடக்கவில்லை. கீக்பெஞ்ச் அந்த போனைப் பட்டியலிலிருந்து தூக்கியது.

2022 மார்ச்சில் பெரிய வெடி. சாம்சங்கின் 'கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ்' என்ற மென்பொருள் சுமார் 10,000 ஆப்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தது தெரியவந்தது. கொரியாவில் ஒருவர் 3டி மார்க் ஆப்பின் உள்பெயரை 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் பெயராக மாற்றி ஓட்டிப் பார்த்தார். அதே போன், அதே சோதனை, மதிப்பெண் படுத்துவிட்டது. பரீட்சை என்று தெரிந்தால் ஒரு முகம், சாதாரண நாளில் இன்னொரு முகம். கீக்பெஞ்ச் எஸ்10 முதல் எஸ்22 வரை நான்கு தலைமுறை முதன்மை போன்களை நீக்கியது. சாம்சங் தன் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டு, அந்த அடக்குமுறையை அணைத்துக்கொள்ளும் வசதியைப் புதுப்பித்தலில் கொடுத்தது.

சூட்டைக் கட்டுப்படுத்த வேகத்தைக் குறைப்பது தப்பில்லை, பேட்டரிக்கு நல்லதுதான். சொல்லாமல் செய்ததும், சோதிக்கிறவரிடம் வேறு முகம் காட்டியதும்தான் தப்பு. ஆப்பிளும் இந்த விஷயத்தில் உத்தமன் கிடையாது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. பேட்டரி தேய்ந்தால் திடீர் மின் தேவையைத் தாங்காது, போன் அணைந்துவிடும், அதைத் தடுக்கத்தான் செய்தோம் என்பது அவர்கள் விளக்கம். பொறியியலாகப் பார்த்தால் விளக்கம் சரி. ஆனால் எத்தனை பேர் 'போன் ஸ்லோ ஆயிடுச்சு' என்று புது போன் வாங்கினார்களோ! 2018-இல் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 பவுண்டிலிருந்து 25 பவுண்டாகக் குறைத்தார்கள், பலரின் பழைய போன் மறுபடி ஓடியது. ஊருக்கு அனுப்பப் போகிற பழைய ஐபோனுக்கு முதலில் பேட்டரியை மாற்றுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இப்படிப்பட்ட வண்டவாளங்களைத் தோண்டி எடுத்த ஆனந்த்டெக் 2024 ஆகஸ்டில் கடையை மூடிவிட்டது. மீதி இருக்கும் விமர்சனங்களில் பாதி, நிறுவனம் கொடுத்த போனை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு எடுக்கும் வீடியோக்கள். அந்தப் போனில் எந்த சிப் இருந்தது என்பதைக்கூடச் சிலர் சொல்வதில்லை. அமெரிக்க யூடியூபரின் ஸ்னாப்டிராகன் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு மோர்டனில் எக்ஸினோஸ் வாங்கினால், படித்தது ஒரு போனைப் பற்றி, வாங்கியது வேறொரு போனை.

சுரங்கத்திலும் வெயிலிலும்

பிராசசர் என்று நாம் சொல்கிற அந்தச் சின்னத் துண்டுக்குள் மோடமும் இருக்கிறது, அல்லது பக்கத்திலேயே ஒட்டி இருக்கிறது. பெஞ்ச்மார்க் அதைத் தொடுவதே இல்லை. நார்தர்ன் லைனில் தினம் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். மோர்டனில் ஏறியதும் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும். பேங்க் வழியாக ஈஸ்ட் பின்ச்லி வரை 27.8 கிலோமீட்டர் சுரங்கம்தான். வழியில் சில பகுதிகளில் சிக்னல் வரும், பிறகு போகும், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் மோடம் கோபுரத்தைத் தேடும், சிக்னல் பலவீனமாக இருந்தால் அதிக சக்தி செலவழித்துக் கத்தும். மோடம் சரியில்லாத போனில் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி கரைந்துவிடும், பாக்கெட்டில் சுடும். கூகுளின் பிக்சல் போன்களில் டென்சர் சிப் மதிப்பெண்ணில் எப்போதும் பின்தங்கியே இருக்கும். அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஆனால் 2021-இல் வந்த பிக்சல் 6-இல் சிக்னல் சரியில்லை என்ற புகார்தான் பெரிதாக எழுந்தது. டென்சர் சிப்களைச் சாம்சங் ஆலையில் செய்துவந்த கூகுள், 2025-இல் பிக்சல் 10-க்கு டிஎஸ்எம்சி-க்கு மாறியது.

மறுபக்கம், வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதியிருக்கிறது. சென்னையில் மே மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு இந்த வரியைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். லண்டன் குளிரில் நன்றாக ஓடிய போன் ஊருக்குப் போனதும் 'என்னப்பா அனுப்பின, அரைமணி வீடியோ கால் பேசினா கையில பிடிக்க முடியல' என்று அம்மா சொல்வதற்குக் காரணம் இதுதான். இங்கே 20 டிகிரி அறையில் எடுத்த சோதனை அங்கே செல்லாது. 2023-இல் ஐபோன் 15 ப்ரோ சூடாகிறது என்று புகார் வந்தபோது ஆப்பிள் ஐஓஎஸ் 17-இன் பிழையையும் சில ஆப்களையும் காரணம் காட்டி மென்பொருளைத் திருத்தியது. ஆனால் 2025-இல் ஐபோன் 17 ப்ரோவில் டைட்டானியத்தை விட்டு அலுமினியத்துக்கு வந்து, உள்ளே நீராவி அறை ஒன்றையும் வைத்தது. சூட்டைப் பரப்பும் இந்த மாதிரி வசதிதான் கடைசிப் பத்து சதவீத வேகத்தைவிட நம் மாதிரி ஆட்களுக்குப் பிரயோஜனம். விளம்பரத்தில் அதற்கு இரண்டு விநாடிதான் கிடைக்கும்.

வீடியோ காலுக்கு உச்ச பிராசசர் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. நாலு வருஷம் பழைய நல்ல சிப் அதைத் தூங்கிக்கொண்டே செய்யும். அம்மாவுக்கு அனுப்பும் போனில் பார்க்க வேண்டியது மோடம், பேட்டரி, இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்புப் புதுப்பித்தல் மிச்சம் என்பது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் விற்கும் ஒவ்வொரு போனுக்கும் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பித்தல் என்பதைத் தயாரிப்பாளர் அறிவித்தே ஆக வேண்டும், சட்டம். எஸ்24-க்கு ஏழு வருஷம் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது. எஸ்20 வந்த காலத்தில் மூன்று ஆண்ட்ராய்டு பதிப்புகள்தான். ஏழு வருஷம் வைத்திருக்கப் போகிறோம் என்னும்போது, முதல் நாளில் 15 சதவீதம் பின்தங்கும் சிப் ஆறாவது வருஷத்தில் எவ்வளவு பின்தங்கும் என்ற கேள்வி இன்னும் கனமாகிறது.

கேட்க உரிமை இருக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கு ஃபிரிட்ஜ் மாதிரி ஏ முதல் ஜி வரை லேபிள் வந்துவிட்டது. ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை சுற்று தாங்கும், கீழே விழுந்தால் என்ன ஆகும், பழுது பார்ப்பது எளிதா என்று கடையிலேயே தெரியும். லண்டன் கடைகளில் அந்த லேபிளை ஒட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த லேபிளிலும் சிப் பெயர் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆனால் இங்கே வேறு ஆயுதம் இருக்கிறது. 2024-இன் டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டத்தின் நுகர்வோர் பகுதி 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. வாங்குகிறவர் முடிவெடுக்கத் தேவையான முக்கியத் தகவலை மறைப்பது நியாயமற்ற வணிகம் என்கிறது அது. போட்டி மற்றும் சந்தை ஆணையமான சிஎம்ஏ நீதிமன்றம் போகாமலே உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். ஒரே பெயரில் இரண்டு வேறு சிப் விற்கும்போது, எந்த சிப் என்பது முக்கியத் தகவல் இல்லையென்றால் வேறு எது முக்கியத் தகவல்? சிஎம்ஏ இதைத் தெளிவாக எழுதி, விலைச்சீட்டிலும் இணையப் பக்கத்திலும் சிப்பின் பெயரைப் போடச் சொல்ல வேண்டும். ஒரு வரி. நிறுவனத்துக்கு ஒரு பென்னி செலவில்லை.

2015-இல் ஐபோன் 6எஸ்-க்குள் சாம்சங் செய்த ஏ9 சிப்பும் டிஎஸ்எம்சி செய்த ஏ9 சிப்பும் கலந்து வந்தன. கூச்சல் எழுந்ததும், நிஜப் பயன்பாட்டில் பேட்டரி வித்தியாசம் 2 முதல் 3 சதவீதம்தான் என்று ஆப்பிள் வெளிப்படையாக ஒரு எண்ணைச் சொன்னது. அதை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம், ஆனால் சரிபார்க்க ஒரு எண்ணாவது கிடைத்தது. எக்ஸினோஸ் உண்மையிலேயே சமம் என்றால் சாம்சங்கும் அப்படி ஒரு எண்ணைச் சொல்லட்டும். பெயரைப் பெட்டியில் பெருமையாகப் போடட்டும். 2025 ஜனவரியில் எஸ்25 வரிசை முழுவதிலும் ஸ்னாப்டிராகன் என்பதைப் பெருமையாகச் சொன்னவர்கள்தானே!

2025 டிசம்பரில் சாம்சங் 2 நானோமீட்டர் நுட்பத்தில் எக்ஸினோஸ் 2600-ஐ அறிவித்துவிட்டது. அது அருமையான சிப்பாகவே இருக்கலாம், 7420 இருந்த மாதிரி. அதனால் சிஎம்ஏ விழிக்கும்வரை நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கடைக்காரரிடம் வாயால் கேட்காதீர்கள். அண்மையில் ஒரு கடையில் கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதான் பிரதர், லேட்டஸ்ட் சிப்" என்று பதில் வந்தது. இணையத்தில் வாங்கினால் சாட்டில் 'இந்த மாடலில் உள்ள பிராசசரின் பெயர் என்ன?' என்று எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் விவரித்தபடி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதை, காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் ரத்து செய்யவும் உரிமை உண்டு.

கைக்கு வந்ததும் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்22-ஐ உதாரணமாக எடுத்தால் எஸ்எம்-எஸ்901பி என்று முடிந்தால் ஐரோப்பிய எக்ஸினோஸ், எஸ்எம்-எஸ்901இ என்றால் இந்தியாவில் விற்ற ஸ்னாப்டிராகன். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், உள்ளே மதர்போர்டே வேறு. பழைய எஸ்22-ஐ ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த எழுத்தை ஒரு தாளில் எழுதி போனோடு வைத்து அனுப்புங்கள். நாளைக்கு அங்கே சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.